தாயிடம் திரும்பல்

கிர்சு நகரத்தில் விடுதலை என்று எழுத
இரண்டு குறிகள் போதும்.
முதலாவது அமா.
அதற்குப் பொருள் கேட்க வேண்டாம்,
உதடுகள் ஒட்டிப் பிரிந்தாலே
வந்து நிற்கிறவள் அவள்தான்.
இரண்டாவது, திரும்பிப் போ.

ஈரக் களிமண்ணில் நாணல் முனை பதியச்
சேர்ந்து வருகிறது சொல்: அமாகி.
சங்கிலியோ சிறகோ அதில் எங்கும் கிடையாது.
யாரோ ஒரு பிள்ளை
பொழுது சாய வீட்டுக்குப் போகிறது,
அவ்வளவுதான்.

வெள்ளம் வடிந்த மாதம்.
நெசவுக் கூடத்து வாசலில்
அரண்மனை ஆள் ஒருவன் தொண்டையைச் செருமினான்.
வாற்கோதுமைக் கடனுக்குப் பிணை வைத்த பெண்களுக்கெல்லாம்
(இங்கே ஓர் இருமல்)
அமாகி.

கடன் ஓடுகளைக் கூடையோடு கொண்டுவந்து
மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தார்கள்.
வெயிலில் மட்டும் காய்ந்த மண். நேரமாகவில்லை.
மூன்றுக்கு ஒன்று வட்டி கரைந்தது.
சாட்சிகளின் பெயர் கரைந்தது.
பழுப்பேறிய அந்தத் தண்ணீரை
மாடுகள் குடித்துவிட்டுக் காதை ஆட்டின.

கூடத்தில் உடனே யாரும் ஆடிப்பாடவில்லை.
"இன்றைய பீர்ப் பங்கு உண்டா?" என்றாள் ஒருத்தி.
"என் தாய் போன வருஷமே போய்விட்டாளே,
நான் எங்கே திரும்ப?" என்றாள் இன்னொருத்தி.
மேற்பார்வைக்காரி, காலியாகப் போகும் தறிகளை
விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அல்லாய் மட்டும் தலை நிமிரவில்லை.
கடனுக்கு வந்தவளல்ல; போரில் பிடித்து வந்தவள்.
அவளை எழுத அவர்களிடம் வேறு குறி:
பெண் என்று போட்டு, பக்கத்தில் மலை.
பெண்ணும் மலையும் சேர்ந்தால் அடிமை.
அந்த மலைக்கு அப்பால்
அவள் தாய் இந்நேரம் ஆடு கறந்துகொண்டிருக்கலாம்.
மலைமொழியில் அவள் பெயருக்குச்
சீமாட்டி என்று பொருளாம்.
என் மொழியில் படித்தால்
நீ அல்லை என்று வருகிறது.
ஆணையும் அதைத்தான் சொன்னது.

நினுமா எழுந்தாள்.
ஒன்பது வயதில் வந்தவள், ஆறு வருஷம்.
பாதி நெய்த துணியைத் தறியிலேயே விட்டாள்.
போகும்போது அல்லாயின் தோளைத் தொட்டாள்,
நூலில் சிக்கெடுப்பதுபோல, ஒரு தரம்.

வாய்க்காலைத் தாண்டி மூன்றாவது வாசல்.
மாவு படிந்த கையோடு தாய் நின்றாள்.
அந்தக் கை நினுமாவுக்குத் தெரியும்.
முத்திரை இல்லாதவர்கள்
நகத்தை அழுத்திக் கொடுக்கும் ஓட்டின் ஓரத்தில்
அன்று அழுந்திய கட்டைவிரல் அது.
தந்தை அப்போது வயலில் இருந்தான்,
அல்லது இருந்ததாகச் சொன்னார்கள்.

என்னிடமும் ஒரு சொல் இருக்கிறது, வீடு.
கூரையும் அதுவே, பிறவி அறுதலும் அதுவே.
ஒரு சொல்லுக்குள் இரண்டும்
சண்டையில்லாமல் குடியிருப்பதில்
வெகுகாலம் எனக்குப் பெருமை.
அந்த வாசலை நினைத்த பிறகு
அவ்வளவு இல்லை.
விட்டவளிடமே கொண்டுபோய் விடப்படுவதற்கும்
விடுதலை என்றுதான் பெயர்.

தாய் ஒன்றும் சொல்லவில்லை.
ஓர் ஆள் நுழையும் அளவுக்குச்
சற்றே ஒதுங்கினாள்.
உள்ளே அடுப்பு எரிந்தது.
நினுமா பார்த்தே இராத ஒரு தம்பி
"யாரும்மா?" என்றான்.
அன்று இரவு முழுக்க அவள் கைகள்
இல்லாத தறியில்
இல்லாத ஊடையைக் கோத்துக்கொண்டே கிடந்தன.

கூடத்தில் அல்லாய்
தன் பங்கை முடித்துவிட்டு
நினுமாவின் தறிக்கு மாறி உட்கார்ந்தாள்.
அவளுடைய கை கொஞ்சம் இறுக்கம்.

கோடையில் அந்தத் துணி படகேறிக்
கடலோரத் துறை ஒன்றுக்குப் போனது.
விரித்துப் பார்த்த வணிகனின் விரல்
நடுவில் ஒரு தடிப்பில் நின்றது.
"இங்கே கை மாறியிருக்கிறது" என்றவன்
இரண்டு படி வாற்கோதுமை
குறைத்துக் கொடுத்தான்.